காற்று ஓய்ந்த வியாழக்கிழமை

புந்தா அரேனாஸில் காற்று ஓயாது.
பிடித்துக்கொண்டு நடக்கச்
சதுக்கத்தில் கயிறு கட்டியிருப்பார்கள்.
கதவை நாம் திறப்பதில்லை,
அது நம்மை இழுத்துக்கொண்டு போய்த் திறக்கும்.
அக்டோபரில் ஒரு வியாழன், இரவு பத்து மணிக்கு,
யாரோ குழாயை மூடியதுபோல்
நின்றுவிட்டது.
தெருநாய்கள் குழம்பின.
அப்போதுதான் எனக்குக் கேட்டது:
ஈஈஈ.
ஊசியால் கண்ணாடியில் எதையோ எழுதுகிற ஒலி.

முதல் சந்தேகம் குளிர்பெட்டி மேல்.
பிளக்கைப் பிடுங்கினேன்.
ஈஈஈ.
எரிவாயு அடுப்பு, குழல்விளக்கு, மோடம்,
கடைசியில் மெயின் சுவிட்ச்.
கோட்டு மாட்டிக்கொண்டு
என் சமையலறையில் நானே திருடியைப்போல்
மூச்சைப் பிடித்து நின்றேன்.
மேஜைமேல், பேட்டரியின் தயவில்,
ஒன்றும் தெரியாத முகத்தோடு
விழித்திருந்தது மடிக்கணினி.

காதை வைத்தேன்.
இடது மூலையில் அதிகம்.
பக்கத்தை உருட்டினால் சத்தமும் உருண்டது.
விரலை எடுத்தால்
கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி தொடங்கியது.
ஜார்கோ குனிந்து கேட்டார்.
"ஒன்றும் இல்லையே, நெவென்கா."
படகின் டீசல் எஞ்சின் பக்கத்தில்
இருபத்தாறு வருஷம் தூங்கிய காது.
என்னையே இரண்டாம் தடவைதான் அதற்குக் கேட்கும்.
மாடியிலிருந்து மகள் கத்தினாள்:
"அது ரொம்ப நாளா கத்துதே,
உனக்கு இப்பத்தானா?"

சனிக்கிழமை எலியோதோரோவின் கடை.
பதினோரு திருகுகளைக் கழற்றிக்
காபித் தட்டில் வரிசையாக வைத்தான்.
தோட்டக் குழாயில் ஒரு முழம் நறுக்கி
ஒரு முனையைக் காதிலும்
மறுமுனையைக் கணினியின் வயிற்றிலும் வைத்தான்.
தீக்குச்சியால் விசிறியை நிறுத்தினான்.
"விசிறி நிரபராதி."
தூசியை ஊதினான்: நாய்மயிர்,
நண்டு ஓட்டின் துணுக்கு ஒன்று.
"கணக்குப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவீர்களோ?"
பதில் சொல்லவில்லை நான்.
பென்சிலின் ரப்பர் முனையால்
ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தான்.
ஓரிடத்தில் ஒலி தொண்டையடைத்து நின்றது.
துவரம்பருப்பு அளவில் ஒரு செப்புச் சுருள்.
"நோய் இல்லை. வேலை கூடினால் நடுங்குகிறது.
ஒரு சொட்டுப் பசை விட்டால் அடங்கும்.
பசை செவ்வாய்க்கிழமைதான் வரும்."
மூடிக்கொண்டே கேட்டான்:
"ராத்திரி பகலா இதை
இவ்வளவு வேலை வாங்குவது யார்?"

வீட்டுக்கு வந்து
கோப்புகளை ஒவ்வொன்றாக மூடினேன்.
கடிதங்கள்: ஈஈஈ.
நகராட்சி வரி: ஈஈஈ.
ராஜ நண்டுப் படகுகளின் கணக்கு:
அமைதி.
திறந்தேன், கத்தியது.
மூடினேன், நின்றது.
கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

மொத்தம் பதினான்கு படகுகள்.
பதின்மூன்றில் பிசகில்லை.
பதினான்காவது வரிசையில்
டீசல் கடன் எவ்வளவு என்று
நண்டு முன்பணத்தைக் கேட்கிறது கணினி.
முன்பணமோ
டீசல் கடனைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறது.
இது அதை, அது இதை,
நொடிக்கு நொடி, மூன்று வருஷமாக.
சூத்திரம் எழுதியவள் நான்.
படகு எங்களுடையது.

ஜார்கோவைக் கூப்பிட்டேன்.
இரண்டாம் தடவை வந்தார்.
இந்தக் கண்ணியை வெட்டினால்
ஒரு எண் வந்து நிற்கும் என்றேன்.
"தெரியாமல் இருந்தால் என்ன?" என்றார்,
கேலியாக இல்லை, உண்மையாகவே.
வெட்டினேன்.
நின்றது.
பருவம் முடிய இன்னும் ஆறு வாரம்,
எட்டு வாரத்துக்கான எண்.
மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து
மறுபடி படித்தார்.
பிறகு, அந்தப் பழைய வின்சை
யாராவது வாங்குவார்களா என்று
திரையிடமே கேட்டார்.
ஜன்னல் கடகடக்கத் தொடங்கியது.
காற்று திரும்பிவிட்டது.

செவ்வாயன்று எலியோதோரோ கூப்பிட்டான்.
பசை வந்துவிட்டதாம்.
வேண்டாம் என்றேன்.
"சரி," என்றான் கொஞ்சம் தயங்கி,
"காபித் தட்டில் ஒரு திருகு மிஞ்சிக் கிடக்கிறது, செஞோரா.
உங்களுடையதா, பாருங்கள்."