நூற்றெழுபது வோல்ட்

மேசைமேல் மூன்று கட்சிகள்.

லுங்கித் துணியில் சுருட்டி வந்த 813,
ஹார்லிக்ஸ் பாட்டில் உயரம்.
பாலக்காட்டுப் பழைய இரும்புக் கடை கஃபூர்
தராசில் போடாமல்
இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான்.
இழை ஏற்றினால் அறையில் விளக்கு தேவையில்லை.
தகட்டுக்கு இரண்டாயிரம் வோல்ட் கேட்கும்,
கேட்கட்டும், சுற்றித் தருகிறேன்.
வேலந்தாவளத்தில் மோட்டார் காயில் சுற்றிப் பிழைப்பவனுக்கு
செம்புக் கம்பி ஒரு பொருட்டா?
சாக்கெட்தான் இல்லை.
சாக்கெட் இல்லாத வால்வு
பேர் மாறாத பட்டா:
நம்முடையதுதான்,
கடன் கூட வாங்க முடியாது.

இரண்டாவது, ஜோடியாக 811.
புது அட்டைப்பெட்டி, பசை வாசனை போகவில்லை.
ஒரு பகல் ஒரு இரவு
இழையை மட்டும் சூடாக்கி வைத்தேன்.
பிறகு இடக்கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
வலக்கையால் மெல்ல மெல்ல உயர்த்தினேன்.
எண்ணூறு தாண்டும்போது
ஒன்றின் வயிற்றில் ஊதா மூச்சு.
வெற்றிடம் என்று விற்றதில்
என்னவோ குடியிருக்கிறது.
விற்றவன் போனை எடுப்பதில்லை.

மூன்றாவது, ஆறு ரஷ்யக் குள்ளர்கள்,
ஜியூ-50.
தலையில் அலுமினியத் தொப்பி, தொப்பி மேல் குமிழ்,
குக்கர் மூடியைத் திறப்பதுபோல
பிடித்து இழுத்தால் வந்துவிடும்.
எவனோ பட்டாளத்தில்
கையுறை கழற்ற நேரமில்லாதவனுக்காக
யாரோ யோசித்திருக்கிறார்கள்.
அழகில்லை. சாக்கெட்டோடு வந்திருந்தன.

ஏழு மெகாஹெர்ட்ஸில்
கட்டப்பனை ஸ்கரியா சொன்னார்:
"813 வெக்கடோ, அதொரு அந்தஸ்ஸல்லே!"
அவர் வீடு மலைமேல்.
அவருக்கு எதை வைத்தாலும் கேட்கும்.

எனக்கு வேறொரு கணக்கு இருந்தது.
மாலை ஆறரைக்கு
இந்தப் பனங்காட்டு மேட்டில்
எல்லாத் தோட்டமும் ஒரே மூச்சில் மோட்டார் போடும்.
சுவர் மீட்டர் முள்
இருநூற்று முப்பதிலிருந்து இறங்கி
இருநூறு, நூற்றெண்பது,
நூற்றெழுபதில் வந்து உட்காரும்.
பாதி மோட்டார் நான் சுற்றியவை.
ரத்தினசாமிக் கவுண்டர் ஏழரை ஹெச்.பி.,
புஷ்பராணி டீச்சர் மூன்று ஹெச்.பி.,
வார்னிஷ் காயும்வரை காத்திருந்து
நானே ஓட்டிப் பார்த்து அனுப்பியவை
என் இழையைக் குடித்துக்கொண்டிருந்தன.

அப்படித்தான் முடிவானது.
ட்ரான்ஸ்ஃபார்மரில் நாலு இடத்தில் வால் விட்டுச் சுற்றினேன்,
ஊர் இறங்க இறங்க நான் ஏறிக்கொள்ள.
நாலு குள்ளர்களை நிற்க வைத்தேன்.
இரண்டு பேர் கடுகு டப்பாவில், மாற்றாள்.
ஒருவன் செத்தால் மற்றவன் போவான்;
அந்த 813 செத்தால்
துக்கம் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

முதல் இரவு, பதினொன்றரை.
மோட்டார்கள் அடங்கி முள் நிமிர்ந்தபின்
தகடுகளைப் பார்த்தபடி சுருதி கூட்டினேன்.
சிவந்தால் தப்பு.
சிவக்கவில்லை.
அறுபது வாட், இருநூற்று நாற்பது ஆகி
பனைக்கும் பனைக்கும் நடுவே கட்டிய கம்பியில் ஏறிப் போனது.

"முதலில் ஏழு" என்றார் ஸ்கரியா.
"இப்போ?"
"எட்டு."
ஆறு மாதம்,
மனைவியிடம் சொன்ன தொகை ஒன்று,
சொல்லாத தொகை ஒன்று.
ஸ்கரியாவின் மீட்டரில் ஒரு கோடு.
மரமேறி முத்தாண்டியிடம் நூறு ரூபாய் கொடுத்து
கம்பியைப் பத்தடி உயர்த்தியிருந்தால்
அந்தக் கோடு கிடைத்திருக்கும் என்று
அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.
ஆனாலும் விளக்கணைத்து
நாலு மங்கலான ஆரஞ்சுப் புள்ளிகளைப் பார்த்தபடி
ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கடை வாசலில்
டெம்போவிலிருந்து இறங்குகிறது கவுண்டரின் ஏழரை.
கருகிய வார்னிஷ் நாற்றம்.
"வோல்ட்டேஜ் பத்தலை, புகைஞ்சு போச்சு" என்கிறார்.
"எவ்வளவு இருந்துச்சு?"
"அதெல்லாம் யாரு பார்த்தா?"
நூற்று அறுபத்தெட்டு, ஆறு ஐம்பதுக்கு.
சொல்லாமல் ஸ்பேனரை எடுக்கிறேன்.