லாரி

சியூரியின் பஞ்சர் கடை
எல்லைக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால்.
ஜார்ஜியாவில் பணத்துக்கும் லாரி என்றுதான் பெயர்.
அவளிடம் வருவதெல்லாம் மற்ற லாரி.

ஹ்ராந்த் திராம் தருவான். யெர்லான் தெங்கே.
துருக்கிக்காரர்களின் லீரா
காலையில் ஒரு விலை,
டீ ஆறுவதற்குள் இன்னொரு விலை.
சாக்கட்டியால் எழுதி அழித்து எழுதி
கதவே வெளுத்துப்போயிற்று.

வங்கியில் இருப்பவள் தாளை வெளிச்சத்தில் பிடிப்பாள்.
மூலை கிழிந்த ரூபிளைத் திருப்பித் தள்ளுவாள்.
நாணயமா, தொடவே மாட்டாள்.
சியூரி என்ன செய்வாள்?
ஒட்டிய டயரை மறுபடி குத்தவா முடியும்?
ஊறுகாய் ஜாடியில் போட்டுவைத்தாள்.
செல்லாக்காசிலும் வினிகர் நெடி.

பிப்ரவரியில் பனி சரிந்து ஐந்து நாள் சாலை அடைப்பு.
வடக்கிலிருந்து இறங்கியவன் கையில் ரூபிள்,
ஏறப்போகிறவன் கையில் திராம்,
நடுவில் அந்த ஜாடி.
கிழிந்த தாளைக்கூட ஒருவன் கேட்டு வாங்கினான்,
அவன் ஊரில் மதிப்பார்களாம்.
யெர்லான் தெங்கே நாணயங்களைத்
தரையில் கவிழ்த்துப் பொறுக்கினான்:
"எங்கள் சுங்கச்சாவடிக் கழிப்பறை
சில்லறையைத்தான் தின்னும், அக்கா."
கமிஷன் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.
மூன்றாம் நாள் தோன்றியது. கேட்டாள்.
கொடுத்தார்கள்,
அவரவர் ஊர்க் காசில்.

ஆறாம் நாள் வழி திறந்தது.
ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள்.
சியூரி ரொட்டி வாங்கப் போனாள்.
எத்தேரி கையை நீட்டினாள்.

பையில் நான்கு தேசம்.
சாலை முழுக்க லாரி.
பையைக் கவிழ்த்தாலும் ஒரு லாரி இல்லை.

"போன மாதத்துக் கடனே நிற்கிறது" என்றாள் எத்தேரி,
ரொட்டியைச் சுற்றிக்கொண்டே.