கல் இல்லாத உளுந்து

ஆறு வளையல் போட்டு வாங்கிய எண் அது.
பதினைந்து லட்சம் கியாட்.
அன்று தாம்வேயில் எங்கள் தெருவில்
கைபேசி வைத்திருந்தவர் மூன்றே பேர்:
ஒருவர் கர்னலின் மைத்துனர், ஒருவர் பல் டாக்டர்,
மூன்றாவது என் வீட்டுக்காரர் மாசிலாமணி,
பயின்னாங் சந்தையில் பருப்புத் தரகு.
கடைசியில் இரண்டு ஒன்பது வேண்டுமென்று
தரகருக்கே தரகு கொடுத்தார்.

மணிக்கட்டு லேசாகிப்போன அந்த வாரம்
தூக்கத்தில்கூடக் கையை ஆட்டிப் பார்த்தேன்.
சத்தமெல்லாம் அவர் சட்டைப்பையில்.

இப்போது அதே சிம்
(அதே இல்லை, அதன் தம்பி மாதிரி)
மழைக்கு பிளாஸ்டிக் விரித்த நடைபாதையில்
வெற்றிலைப் பெட்டிக்கும் குடை ரிப்பேருக்கும் நடுவில்
ஆயிரத்து ஐந்நூறு.
மூன்று கிண்ணம் மொஹிங்கா.
வளையலுக்கு அரைக் கிண்ணம் என்று
கணக்குப் போட்டேன்.
வாயில் வைக்காமலே கசந்தது.

அவர் ஆசைப்படும் போன் ஒன்று இருக்கிறது,
இரண்டு மாதமாய், கண்ணாடிக்குப் பின்னால்.
உளுந்தைப் படம் பிடித்து அனுப்பினால்
தூத்துக்குடியில் மணி மணியாய் எண்ணலாமாம்.
ஆனால் பழைய அரசாங்க லைன் அதில் ஏறாது.
அது வேறு ஜாதி அலை என்றான் கடைப் பையன்.
சிவப்புப் பலகைக் கம்பெனிக்கு மாறவேண்டும்.
மாறினால் எண் கூட வராது.

"எல்லாச் சாக்குலயும் அந்த நம்பர் அடிச்சிருக்கு."
"சரி, மாறாதீங்க."
"மாண்டலேக்காரன் மாறிட்டான், படம் அனுப்புறான்."
"சரி, மாறுங்க."
"உன் வளையல் என்னாவுறது?"
இதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.
நாலு வருஷத்தில் முதல் தடவையாக
அது என் வளையல் ஆகியிருந்தது.

ராத்திரி ஒரு தாளை இரண்டாய் மடித்து
லாபம் இந்தப் பக்கம், நட்டம் அந்தப் பக்கம்.
கரண்ட் போனது. மெழுகுவத்தியில் தொடர்ந்தார்.
எந்த டவர் எங்கே, நிமிஷத்துக்கு எவ்வளவு,
ஏழாவது வரியில் 'ராசி' என்று எழுதி
அடித்தார், மறுபடி எழுதினார்.
என்னைப் பார்க்க வந்தபோது இவ்வளவு யோசித்தீர்களா
என்று கேட்க வாயெடுத்தேன்.
பதில் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன்.

தாளில் அவர் எழுதாத ஒன்று எனக்குத் தெரியும்.
இருபது வருஷமாய் அவர் விற்பது குரலை.
"முத்து மாதிரி இருக்கு அண்ணாச்சி,
ஒரு கல்லு இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்."
பேர் இன்னும் மாசிலாமணிதான்.
காமிரா எடுத்தால்
கல்லும் சேர்ந்து விழும்.

புதன்கிழமை என் சீட்டு விழுந்தது.
நூ நூ, கன்னத்தில் தனக்கா காயாத பெண்,
சிம்களைச் சீட்டுக்கட்டாய் விரித்து
"எது அமா?" என்றாள்.
ஒன்பது இல்லாததாக ஒன்று எடுத்தேன்.
அந்தப் போனும், அதே நிறமும்.

வீட்டுக்கு வந்து முதல் அழைப்பு.
மனப்பாடமாய் எனக்குத் தெரிந்த எண்
உலகத்தில் ஒன்றுதான்.

தெரியாத எண் என்பதால் கடைக்குரல்.
முதலில் பர்மாப் பேச்சு.
நான் சும்மா இருக்கவும் தமிழுக்கு வந்தார்:
"சொல்லுங்க. புது உளுந்து இறங்கியிருக்கு,
வீசைக்கு ஒரு கல்லு காட்டுங்க பார்ப்போம்."

என் மடியில் முறம்.
அவர் கொண்டுவந்த அதே உளுந்து,
நாளைய தோசைக்கு.
பொறுக்கியதைத் தரையில் வரிசையாய் வைத்திருந்தேன்.
அவர் போனுக்குப் படம் போகாது.
அதனால் எண்ணிச் சொன்னேன்:

பதினேழு.

"யாருங்க?" என்றார்.