மற்றவை எனில் குறிப்பிடுக

பாசையூரில் அன்றைக்குப் பதினோராவது வீடு.
கதிரையை எனக்குத் தந்துவிட்டு
மீன்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தா.
பேர் யசிந்தா. வயது நாற்பத்தொன்று.
என் மடியில் பதினெட்டுக் கேள்வி, ஒரு நீலப் பேனை.
ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் பூச்சியம்.
சொல்ல விருப்பமில்லை என்றால் தொண்ணூற்றொன்பது.

ஷெல் வீச்சு?
"அது ஊருக்கெல்லோ வந்தது,
எனக்கெண்டு வரேல்லையே."
ஒன்றா, பூச்சியமா?
பேனை காற்றில் நின்றது.

இடம்பெயர்வு?
விரல் மடக்கி எண்ணினா.
இரண்டு கையும் முடிந்து
மறுபடி பெருவிரலுக்கு வந்து
"காணும், பத்தெண்டு போடுங்கோ" என்றா.

நெருங்கிய உறவின் இழப்பு?
"அண்ணை கடலுக்குப் போனவர், தொண்ணூற்றாறு.
எழுதுங்கோ, ஆனா சின்னதா எழுதுங்கோ.
அங்கால வீட்டு றெஜினாவுக்கு மூண்டு.
அவ கண்டா என்ன நினைப்பா?"

சங்கக்கடை வரிசை போலத்தான் இதுவும்.
மூன்று கொடுத்தவர் முன்னால்.
ஒன்று கொடுத்தவர் பின்னால்.
கீறல் படாமல் வந்தவர்கள்
வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து
தவறிப்போய் வந்துவிட்டதுபோல் நிற்பார்கள்.

நானும் நின்றிருக்கிறேன்.
ஏழாம் மாதத்தில், பெரியாஸ்பத்திரியில்,
அழாமல் வந்தவள் என் மகள்.
சண்டை முடிந்து எட்டு வருடம்.
பார்க்க வந்தவர்கள்
நெஸ்டமோல்ட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு
"முகம் பழகாத பிள்ளைதானே" என்றார்கள்.
"பங்கருக்குள்ள பெத்துப் பறிகுடுத்ததுகள் எத்தினை."
தலையாட்டினேன்.
நெஸ்டமோல்ட் நல்லாயிருந்தது,
அதையும் சொல்லவேண்டும்.

பதினெட்டு: மற்றவை எனில் குறிப்பிடுக.
மூன்று விரல் நீளத்தில் ஒரு கோடு.

"வேறேதும்?"
"இல்லை."
எழும்பிப் போய்க் கோழியைக் கலைத்தா.
திரும்பி வந்து இருந்தா.
"சிரிக்கமாட்டீங்களே?"

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில்.
வெட்டுப்புள்ளிக்கு மூன்று குறைவு.
றால் விற்ற காசில் முற்பணம் கட்டி
அப்பா கொண்டுவந்த சைக்கிள்,
இரண்டாங்கை, புதிதாய்ச் சிவப்பு அடித்தது,
சாக்கு மூடி வளவுக்குள் நின்றது.
அவர் ஏசவில்லை. கை நீட்டவில்லை.
சாக்கை மடித்துக் கரியரில் கட்டி
ஏறி ஓடாமல்
உருட்டிக்கொண்டே போனார், கடைக்குத் திருப்பிக் கொடுக்க.

"டிக் டிக் டிக்கெண்டு
ஒழுங்கை முடக்குமட்டும் கேட்டது.
பொம்மர் சுத்தேக்கையும் நித்திரை கொண்டனான் நான்.
இப்பவும் ஆரும் சைக்கிள் உருட்டிக்கொண்டு போனா
வயித்துக்குள்ள என்னவோ இறுகும்.
இதெல்லாம் ஒரு கதையே, பிள்ளை?"
சிரித்தது அவதான்.

சைக்கிள் என்று எழுதினேன்.
அதற்கு மேல் கோட்டில் இடமிருந்தது.
எனக்குத்தான் சொல் வரவில்லை.

அடுத்த கிழமை கந்தோரில்
மேற்பார்வையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"சைக்கிள்... அப்ப வீதி விபத்து. எட்டாம் இலக்கம்."
விசைப்பலகையில் ஒரு தட்டு.
வாய் திறந்தேன்.
அவர் அடுத்த படிவத்தை எடுத்துவிட்டார்,
மின்விசிறி மிச்சத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.

அறிக்கை வந்தது, நல்ல தாளில்.
அட்டவணை நான்கு, பாசையூர்:
வீதி விபத்து, ஒன்று.
றெஜினாவின் மூன்றுபேரும்
இன்னொரு நிரலில் ஒரே ஒரு ஒன்றாய்.

நேற்றுப் பின்னேரம் அந்த ஒழுங்கையால் வந்தேன்.
மணல் குவித்த இடத்தில்
இறங்கி உருட்டுவதுதான் வழக்கம்.
உருட்டவில்லை.
இருக்கையை விட்டு எழும்பி
மணல் புதையப் புதைய
முடக்கு திரும்பும்வரை
கால் நிறுத்தாமல் மிதித்தேன்.