இருபத்தேழு விநாடி

போரா காற்று கதவிடுக்கில் விசிலடிக்கும் நாளில்
அரவையை ஒரு பல் நெருக்க வேண்டுமாம்.
ட்ரியெஸ்தே துறைமுகத்து ஈரம் ஏறினால்
ஒரு பல் தளர்த்த வேண்டுமாம்.

கப்பல் பட்டறையில் முப்பது வருஷம்
போல்ட் முறுக்கிய கை லிவியோவுக்கு.
இப்போது அது
பதினெட்டு கிராம் தூளைத் தராசில் வைத்து
குன்றிமணி கூடிற்றென்று
ஒரு சிட்டிகை திரும்ப எடுக்கிறது.

முதல் கோப்பை பத்தே விநாடியில் ஓடிவந்தது. புளிப்பு.
அடுத்தது சொட்டுச் சொட்டாக அழுதது. கசப்பு.
மூன்றாவதை அவன் தொட்டியில் ஊற்றும்போது
நான் காலணி தேடிக்கொண்டிருந்தேன்,
ஏழு மணி ஷிஃப்ட்டுக்கு.

நான்காவது
எலிவால்போல் மெலிந்து, அறாமல் இறங்கியது.
இருபத்தேழு விநாடி.
மேலே புலித்தோல் நிறத்தில் நுரை.
"ஃபுல்வியா, உடனே குடி" என்றான்,
பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தவன் குரலில்.

அந்நேரம் பார்த்து என் தங்கை அழைத்தாள்.
மாமியாரில் தொடங்கி
வாடகையில் முடித்தாள்.

ஆறிப்போனதில் பால் ஊற்றி
இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு
மைக்ரோவேவில் வைத்தேன்.
அது மணியடிக்கும்வரை
அவன் ஜன்னல் வழியே கடலையே பார்த்தான்.

நன்றாகத்தான் இருந்தது.
சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
ஐந்தாவதும் போட்டிருப்பான்.