ஏசி நிறுத்திய நாற்பது நிமிடம்

தோஹா, ஆகஸ்ட். விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
வெளியே காற்று ஈரத்துணியாய் முகத்தில் ஒட்டுகிறது.
உள்ளே, எஃகுக் குடுவையின் அடியில்,
எள்ளைவிடச் சற்றே பெரிய கறுப்புக் கல்:
டெர்பியம், மாங்கனீசு, ஆக்சிஜன்.
மேலே ஒரு தங்கக் கம்பி, கீழே ஒன்று.
வெள்ளிப் பசை காயும்வரை நான் மூச்சுவிடவில்லை.

குளிர்விக்கும் ஹீலியம் உள்ளூர்ச் சரக்கு,
ராஸ் லஃப்பானில் எரிவாயுவிலிருந்து பிரித்தது.
கல்லும் நானும்தான் வெளியூர்.

நாற்பத்தொரு கெல்வினில்
மாங்கனீசின் குட்டிக் காந்தங்கள் வரிசை பிடித்தன,
நெட்டையும் குட்டையுமாய், ஒரே கோட்டில்.
மீட்டர் அசையவில்லை.
இருபத்தேழில்
ஒவ்வொன்றும் தன் பக்கத்ததைவிடக்
கொஞ்சம் திரும்பி நின்றது.
அந்தத் திருப்பத்தில் நடுவே மாட்டிய ஆக்சிஜன்
ஒதுங்கிக் கொடுத்தது,
மயிரிழையைக் கோடியாய்க் கிழித்தாலும் அதைவிடக் குறைவாக.
அவ்வளவுதான்,
கல்லுக்கு மேலும் கீழும் வந்துவிட்டது.
எது மேல் என்று காட்ட வைத்திருந்த சிறு மின்புலத்தையும்
எடுத்துவிட்டேன்.

இனி காந்தப்புலத்தை ஏற்ற வேண்டும்.
ஏற்றினால், பிக்கோஆம்பியர் கோட்டில்
பதினோரு நிமிடத்துக்கொரு முள்:
இந்த மாடி ஏசியின் கம்ப்ரஸர்.

பராமரிப்புப் பிரிவு சூசைமாணிக்கம்
விதிப்படி முடியாது என்றார்,
சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தார்.
"நாப்பது நிமிஷம் மேடம். அதுக்கு மேல சர்வர் ரூம் கத்தும்."

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார்.
இருவருக்கும் வேர்த்து ஊற்றியது.
இரண்டு டெஸ்லா. மூன்று.
"காந்தத்தை மாத்தினா கரண்ட்டு வரும். டைனமோதானே இது?"
இல்லைண்ணே, டைனமோ நின்னா எல்லாம் நின்னுரும்.
இதுல காந்தம்...
சொல் தேடினேன். இதைத் தமிழில்
யாருக்கும் சொன்னதே இல்லை.
காந்தம் சொல்லுது, கல்லுக்குள்ள மின்சாரம்
எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு.

நாலரையில் கோடு சரிந்தது.
ஆழமான பள்ளம், முள்ளே இல்லாமல்.
நிமிர்ந்திருந்தது பக்கவாட்டில் சாய,
மேல்கீழ்க் கம்பிகள்
பிடித்திருந்ததை விட்டுவிட்டன.
ஒரு வோல்ட்கூட நான் தரவில்லை.

"நின்னது படுத்துருச்சா?
குடுத்துவெச்ச கல்லு" என்றார்,
இரவு ஷிப்ட்டின் ஒன்பதாம் மணியில்.

போய்ச் சாவியைத் திருப்பினார். கூரை உறுமியது.
கோட்டின் கடைசியில் ஒரு முள்.
கட்டுரைக்கு அனுப்பும்போது வெட்டிவிடலாம்.
பதிவேட்டில் எழுதி வைத்தேன்:
3.52. முள். சூசைமாணிக்கம்.