நாற்பத்துமூன்று தோழிகள்

தோணி என்று தட்டினேன்.
முடிவுகள் ஏதுமில்லை.

இரவு ஒன்றரை. மண்டூரில் அந்த நேரம்தான்
டேட்டா கொஞ்சம் மூச்சு விடும்.
நூறாண்டுக்கு முந்திய துறைக் குத்தகை இடாப்பு,
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒரு தோணிகூட இல்லாமல்.

பாதை என்று தேடினேன்.
எங்களுக்கு அது ஆற்றைக் கடக்கிற மிதவை,
மோட்டார் சைக்கிளும் நெல்மூட்டையும் ஏறும்.
மின்நூலகத்துக்கு அது தெரியாது.
மாகாணத்துத் தெருக்களையெல்லாம்
அள்ளி வந்து கொட்டிற்று.

அலுத்துப்போய்க் கையால் புரட்டினேன்,
கையால் என்றால் ஒரு விரலால்.
அப்போது கண்ணில் பட்டது:

தோழிக்குச் சதம் மூன்று, மாட்டுக்குச் சதம் ஐந்து.
படுவான்கரைத் தோழி ஓட்டையாய்க் கிடக்கிறது.
காற்று மாறினால் தோழியைக் கட்டிப்போடவும்.

கையெழுத்து வாசிக்கப் பழக்கிய இயந்திரம்
ணியை ழி என்று படித்திருக்கிறது.
மொத்தம் நாற்பத்துமூன்று.
தனியே சிரித்தேன்,
பக்கத்து வளவு நாய் எழும்பிக் குரைத்தது.

முன்பென்றால் இதற்கு இரவு ரயில்,
மூன்று கடிதம், பேனா கூடாது பென்சில் மட்டும்,
நாளுக்கு நாலு கோப்பு.
வந்த காரணத்தைத் தமிழில் சொன்னால்
இன்னொரு காரணம் கேட்பார்கள்.
அந்த நாட்களுக்கு நான் ஏங்கவில்லை.
ஆனாலும் ஒரு கட்டை அவிழ்த்தால்
கேளாத தாளும் கூடவே வரும்.
இங்கே கேட்டது மட்டும்தான் வருகிறது,
அதுவும் பிழையாய்க் கேட்டால்.

திருத்தத் தொடங்கினேன். ஒவ்வொன்றாய்
நாற்பத்திரண்டு பேரை ஆற்றில் இறக்கினேன்.

கடைசி ஒன்று கணக்கல்ல, மனு.
குருமண்வெளி பூரணிப்பிள்ளை, கீழே கைநாட்டு.
"என் தோழி இல்லாமல் அக்கரை ஏது எனக்கு."
படத்தைப் பெருப்பித்தேன்.
தோ வரைக்கும் மை தெரிகிறது.
அதற்கப்பால் ஒரு பெருவிரல்,
நகத்தில் பாதி அழிந்த மருதோன்றி,
தாளை அழுத்திப் பிடித்தபடி.
மறைந்த எழுத்தை
இயந்திரம் தன் பழக்கத்தில் நிரப்பியிருக்கிறது.

தோணி என்றால் என் அட்டவணையில்
அந்தத் துறைக்கு ஒன்று கூடும்.
தோழி என்றால்
அவளுக்கு என்னிடம் நிரல் இல்லை.

மூலத்தைப் பார்க்கப் போனேன்.
மின்வடிவம் உள்ளபடியால்
மூலப்பிரதி பார்வைக்கு விடப்படமாட்டாது
என்று கதவில் ஒட்டியிருந்தது.
ஒட்டிய பசையும் காய்ந்துவிட்டது.

படத்தின் அடிக்குறிப்பில் பெயர் இருந்தது:
எம். பஸ்மிலா, காத்தான்குடி.
தேடிப் பிடித்துச் செய்தி போட்டேன்.
இப்போது கட்டாரில், பல் வைத்தியரிடம் வேலை.
ரெண்டு நாள் கழித்துப் பதில்:
"ஒரு நாளைக்கி முந்நூறு பக்கம் எடுத்த.
எடுக்கத்தான் சம்பளம், வாசிக்க இல்ல.
விரல் விழுந்ததுக்கு மன்னிச்சிக்கோங்க."
அடுத்த நிமிடம் இன்னொன்று:
"அதுல என்ன எழுதிக் கிடந்த?"

இந்தப் பக்கத்தைப் பற்றி
என்னிடம் கேட்ட முதல் ஆள்.

மேற்பார்வையாளர் ஒரு முடிவு எடுக்கச் சொல்கிறார்.
வெள்ளிக்கிழமை அத்தியாயம் போகவேண்டும்.

ஆறேகாலுக்குப் பாதை புறப்பட்டது.
எழுவான்கரையில் வெயில் ஏற,
மீன்பெட்டிகளுக்கும் ஒரு பள்ளிக்கூடச் சண்டைக்கும் நடுவில்
போனைத் திறந்தேன்.
திருத்தப் பெட்டியில் தோ என்று விட்டு
கோடொன்று மின்னிக்கொண்டிருந்தது.
ஓர் எழுத்தைத் தட்டினேன்.
நடு ஆற்றில் சிக்னல் அறுந்தது.
சேமிக்கப்படவில்லை, என்றது.

எந்த எழுத்தென்று
பஸ்மிலாவுக்கு மட்டும் சொன்னேன்.